கண்டல் காட்டை எக்டேர் கணக்கில் மட்டும் அளந்தால் போதாது

இந்தியாவில் கண்டல் காடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு எண்கள் முன்வந்து நிற்கின்றன. ஒன்று பரப்பளவு; மற்றொன்று நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை. 2023ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை நாட்டின் கண்டல் பரப்பை ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர் என்கிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'மிஷ்டி' திட்டம் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பகுதிகளிலுமாகச் சுமார் 540 சதுர கிலோமீட்டரைத் தன் இலக்காகக் கொண்டது.

இவ்விரு எண்களும் தேவையானவையே. ஆனால், ஒரு கண்டல் காடு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே நிற்குமா என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. அதற்கு வேறோர் ஒப்பீடு வேண்டும்: அக்காட்டின் தரை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது? அதே இடத்தில் கடல் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது? கொள்கை விவாதங்களில் இந்த ஒப்பீடு அரிதாகவே இடம்பெறுகிறது. இது ஏன் அடிப்படையானது என்பதை அறிய, ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடற்கரையியல் அறிஞர் காலின் உட்ராஃப்பின் ஆய்வுகளைப் படிப்பது நல்ல தொடக்கமாக அமையும். கண்டல், பவளப்பாறை, கடல்மட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனித் துறைகளாகப் பிரிக்காமல், ஒரே கரையின் வரலாறாக வாசித்தவர் அவர்.

அவரது தொடக்க கால ஆய்வுக்களங்களில் ஒன்று கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவிலுள்ள கண்டல் சதுப்பு. பின்னர் அவர் வட ஆஸ்திரேலியாவின் தெற்கு அலிகேட்டர் ஆற்றுச் சமவெளிக்கு வந்தார். புரூஸ் தாம், ஜான் சாப்பல் ஆகியோருடன் இணைந்து 1985இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இன்று புல்லும் கோரையும் நிறைந்த நன்னீர்ச் சமவெளியாகக் காணப்படும் அந்நிலத்தைத் துளையிட்டு எடுத்த மண்ணில், அடியில் கண்டல் சேறு இருந்தது. கதிர்க்கரிமக் காலக்கணிப்பு அதன் வயதைக் காட்டியது. பனியுகத்திற்குப் பின் உயர்ந்துவந்த கடல் இன்றைய மட்டத்தை நெருங்கி நிலைகொண்ட காலத்தில், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன், அச்சமவெளி முழுவதும் பரந்த கண்டல் காடாக இருந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அக்காலகட்டத்திற்குப் 'பெருஞ்சதுப்பு' என்று பெயரிட்டனர்.

அக்காடு என்னவாயிற்று என்பதுதான் இவ்வாய்வின் உயிர்ப்பகுதி. கடல் உயர்ந்ததால் அது அழியவில்லை. கடல் உயர்ந்துகொண்டிருந்தவரை கண்டலும் சேற்றைச் சேர்த்துக்கொண்டு மேலெழுந்தது. கடல் நின்ற பின்னும் சேறு படிவது நிற்கவில்லை. தரை மேலும் உயர்ந்து, ஓதநீர் எட்டாத உயரத்தை அடைந்தது. உப்புநீர் வராத இடத்தில் கண்டலுக்கு வாழ்வில்லை. நன்னீர்த் தாவரங்கள் அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டன. வேறு வகையில் சொன்னால், அக்காடு தான் உருவாக்கிய நிலத்தினாலேயே இடம்பெயர்க்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, கண்டல் காட்டுக்கு நிலையான இடம் என்று ஒன்று இல்லை; ஓதத்தின் உயர் எல்லைக்கும் தாழ் எல்லைக்கும் இடையிலுள்ள ஒரு மெல்லிய பட்டையே அதன் வாழிடம். பட்டை நகர்ந்தால் காடும் நகரும். இரண்டாவது, கடல்மட்டம் உயர்வது என்ற ஒன்றே கண்டலுக்குச் சாவு அன்று. எந்த வேகத்தில் உயர்கிறது என்பதே அதன் விதியை முடிவு செய்கிறது.

அந்த வேகத்தின் எல்லை என்ன? 2020இல் 'சயின்ஸ்' இதழில் நீல் செயின்டிலன் தலைமையில் வெளிவந்த கட்டுரை இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. உட்ராஃப் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். உலகின் 78 இடங்களிலிருந்து கிடைத்த பழங்காலப் படிவுகளை ஆராய்ந்து அவர்கள் கண்டது இது: கடல் ஆண்டுக்கு 6.1 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த காலங்களில், கண்டல் காடுகளால் நிலைத்த மண்படிவைத் தொடங்க இயலாமற் போவதற்கே 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாய்ப்பு இருந்தது. பழங்காலத்தை விட்டு நிகழ்காலத்திற்கு வந்தாலும் செய்தி மாறுவதில்லை. தரையில் ஆழமாக அடித்து நிறுத்திய கம்பியிலிருந்து நுண் ஊசிகளை இறக்கிச் சேற்றின் உயரத்தை மில்லிமீட்டர் அளவில் பதிவுசெய்யும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் இந்திய-பசிபிக் பகுதியில் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு கேத்தரின் லவ்லாக் குழுவினர் 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, அளக்கப்பட்ட இடங்களில் 69 விழுக்காட்டில் கடல் உயரும் வேகம் தரை உயரும் வேகத்தை விஞ்சியிருந்தது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு சுந்தரவனத்தைப் பார்க்க வேண்டும். பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டறிக்கை 2006 முதல் 2018 வரையிலான உலகச் சராசரிக் கடல்மட்ட உயர்வை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது. ஆனால் ஹூக்ளி ஆற்றின் டைமண்ட் துறைமுக ஓதமானியின் நீண்டகாலப் பதிவு ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட உயர்வைக் காட்டுகிறது. அங்கே கடல் மட்டும் உயரவில்லை. கழிமுக நிலமும் தாழ்கிறது. கரையில் நிற்கும் மரத்துக்கு இரண்டும் ஒன்றே. 'கடல்மட்டம்' என்னும் சொல்லாட்சி இங்கே சற்றுத் தவறாக வழிநடத்துகிறது. மட்டம் என்பது கொத்தனாரின் சொல். இரசமட்டம் வைத்துப் பார்த்தால் எங்கும் ஒரே நேராக இருக்க வேண்டியது. கடல் அப்படி இருப்பதில்லை. ஒவ்வொரு கரைக்கும் அதற்கேயுரிய கடல்மட்டம் உண்டு. நிலத்தின் அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அது தெரியும்.

சுந்தரவனத்தைத் தாங்கி நிற்கும் மற்றொன்று வண்டல். கண்டல் தன் வேரால் மண்ணைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்கு மண் வர வேண்டும். அணைகள் வண்டலைத் தேக்கி வைக்கின்றன. கழிமுகங்கள் பசியோடு இருக்கின்றன. கிருஷ்ணை, கோதாவரி, காவிரிக் கழிமுகங்களின் கதையும் இதுவே. மலைப்பகுதியில் கட்டப்படும் ஓர் அணையின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கண்டல் காட்டுத் தரையின் உயரமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்று சொன்னால் அது இன்று மிகையாகத் தோன்றலாம். படிவியல் நோக்கில் அது மிகவும் எளிய உண்மை.

பவளப்பாறையின் கதையும் இதே இலக்கணத்தில் அமைந்தது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்கு 1836 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் வந்தார். தாழும் எரிமலையைச் சுற்றிப் பவளம் மேலெழுந்து வளையத் தீவாகிறது என்னும் அவரது கோட்பாட்டோடு நெருங்கிய தொடர்புடைய இடம் அது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே தீவுகளில் உட்ராஃப்பும் ரோஜர் மக்லீனும் பணியாற்றினர். அவர்கள் பயன்படுத்திய சான்றுகளில் குறிப்பிடத்தக்கது 'நுண்வளையப் பவளம்'. தாழ்ஓத மட்டத்தை எட்டியதும் இப்பவளத்தின் உச்சி வெயிலில் காய்ந்து இறக்கிறது. அதன் பின் அது பக்கவாட்டில் மட்டும் வளர்கிறது. கடல் சற்று உயர்ந்தால் விளிம்பு மேலெழும். தாழ்ந்தால் விளிம்பும் தாழும். மரத்தின் ஆண்டு வளையம் மழையைப் பதிவு செய்வதுபோல் இப்பவளம் கடலின் மட்டத்தைப் பதிவு செய்கிறது. ஓதமானி இல்லாத கடற்பரப்பில் நூற்றாண்டுகளின் பதிவேடு இதுவே.

பாறைகள் எப்போதும் கடலை எட்டிப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அவரது மற்றோர் ஆய்வு வரம்பு விதித்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள லார்டு ஹவ் தீவைச் சுற்றிக் கடலடியில் ஒரு பழம்பாறை உள்ளது. ஏறத்தாழ 9,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் அது செழித்திருந்தது. இன்றைய பாறையைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட பரப்பு கொண்டிருந்தது. உயரும் கடலோடு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெரும்பகுதி மூழ்கியது.

மறுபக்கமும் உண்டு. பசிபிக் கடலின் 27 வளையத் தீவுகளின் பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு ஆர்தர் வெப், பால் கென்ச் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 14 விழுக்காடு தீவுகளே பரப்பில் சுருங்கியிருந்தன. எஞ்சியவை நிலையாக இருந்தன அல்லது வளர்ந்திருந்தன. இதைக் காட்டிக் காலநிலை மாற்றம் பொய் என்போரும் உண்டு. இதை மறைத்துத் தீவுகள் யாவும் நாளையே மூழ்கும் என்போரும் உண்டு. இரண்டுமே ஆய்வுக்கு இழைக்கும் தவறு. தீவு என்பது பாறை உதிர்த்த மணலும் சிதைவும் அலையால் குவிக்கப்பட்ட மேடு. பாறை உயிரோடு இருக்கும்வரை மணல் வரும். மணல் வரும்வரை தீவு தன்னைத் திருத்திக்கொள்ளும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'தீவு எப்போது மூழ்கும்?' என்பது அன்று. 'பாறை இன்னும் மணல் தருகிறதா?' என்பதே.

இலட்சத்தீவுகளுக்கு இக்கேள்வி நேரடியாகப் பொருந்தும். 36 தீவுகள்; மொத்தப் பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர்; மக்கள் வாழ்பவை 10. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்ப அலைகளில் அங்குள்ள பவளம் வெளிறி இறந்தது. 2024இலும் வெளிறல் நிகழ்ந்தது. இரு வெப்ப அலைகளுக்கு இடையில் மீள்வதற்குக் கிடைக்கும் காலம் போதுமானதாக இல்லை. பங்காரம் வளையத்தைச் சேர்ந்த ஆளில்லாத பரளித் தீவுகளில் ஒன்று முற்றாக அரிக்கப்பட்டு மறைந்துவிட்டது. இந்நிலையில் கரையோரம் கான்கிரீட் நாற்கூம்புகளை அடுக்குவது உடனடி அச்சத்துக்கு மருந்தாகலாம். ஆயினும் தீவை ஆக்குவதும் காப்பதும் கரையில் இல்லை. கரைக்கு வெளியே, நீருக்கடியில் உள்ளது. வீட்டுக்கு வேலி போட்டுவிட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடுவது போன்றது, பாறையைக் கைவிட்டுக் கரையைக் கட்டுவது.

இவற்றையெல்லாம் தொலைதூரக் கோட்பாடு என்று ஒதுக்க இயலாதவாறு, இந்திய எல்லைக்குள்ளேயே இயற்கை ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமான்-நிக்கோபார் தீவுத்தொடர் சாய்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையும் வட சென்டினல் தீவும் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தன. ஓதம் எட்டாத உயரத்தில் பவளப்பாறைகள் வெளியே வந்து மடிந்தன. தெற்கே நிக்கோபார் தீவுகள் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. அங்கிருந்த கண்டல் காடுகளில் மிகப் பெரும்பகுதி நீரில் நின்றபடியே இறந்தது. பல நூற்றாண்டுகளில் நிகழக்கூடிய கடல்மட்ட மாற்றம் சில நிமிடங்களில் நிகழ்ந்தது. அந்த வேகத்துக்கு எந்தக் காடும் ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தாழ்ந்த நிலத்தில் புதிய ஓதப்பட்டை உருவானது. முன்பு தென்னந்தோப்பும் கரைக்காடுமாக இருந்த இடங்களில் உப்புநீர் புகுந்தது; அங்கே கண்டல் தானாகவே முளைக்கத் தொடங்கியது. எவரும் நடவில்லை. பின்வாங்குவதற்கு நிலம் இருந்தது. அதனால் காடு பின்வாங்கியது. இந்தியக் கரை முழுமைக்கும் நிக்கோபார் தரும் பாடம் இதுவே. கண்டலுக்கு நாற்றைவிட முதலில் தேவைப்படுவது, பின்னால் நகர்வதற்கு இடம்.

அந்த இடத்தைச் சட்டம் தருகிறதா? 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டல் பரப்புக்கு 50 மீட்டர் காப்புப்பட்டை வேண்டும் என்கிறது. தனியார் நிலத்திலுள்ள கண்டலுக்கு அதுவும் தேவையில்லை என்கிறது. நகரும் ஒன்றுக்கு நகராத எல்லை வகுக்கும் போக்கு இது. சரிவு மிகக் குறைந்த கழிமுகச் சமவெளியில் கடல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே ஓதம் பல மீட்டர் உள்ளே வரும். 50 மீட்டருக்குப் பின்னால் மதிற்சுவரோ சாலையோ இறால் பண்ணையின் கரையோ நின்றால், முன்னே கடலும் பின்னே சுவருமாகக் காடு நெரிபடும்.

நடவுத் திட்டங்களைக் குறை கூறுவது எளிது என்று இங்கே ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே. 1999 பெரும்புயலின்போது ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில், அகன்ற கண்டல் பட்டைக்குப் பின்னிருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததைச் சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகியோரின் 2009 ஆய்வு நிறுவியுள்ளது. காடு இருந்தால் உயிர் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. மீட்டெடுப்பு பயன் தரும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. அங்கே சீரழிந்த பகுதிகளில் வெறுமனே கன்று நடவில்லை. நீர் தேங்கி உப்பு மிகுந்த பள்ளங்களுக்கு ஓதநீர் வந்துபோகுமாறு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நீரோட்டம் சீரானதும் கன்றுகள் பிழைத்தன. தரையின் உயரமும் ஓதத்தின் போக்கும் முதலில், நாற்று பின்னர் என்னும் வரிசை அங்கே பின்பற்றப்பட்டது. அந்த வரிசையை விட்டுவிட்டு, எட்டிய எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதுவதே இங்குக் கேள்விக்குள்ளாகிறது.

சொற்களும் இதற்குத் துணைபோகின்றன. 'அலையாத்தி' என்னும் பெயர் அலையை ஆற்றுவது என்று விளங்கிக்கொள்ளப்படுகிறது. திட்ட ஆவணங்களில் அது 'உயிர் அரண்' ஆகிறது. அரண் என்பது நின்ற இடத்தில் நிற்பது. சங்க நெய்தல் பாடல்களிலேயே காணப்படும் 'கண்டல்' என்னும் பழம்பெயரோ மரத்தை மட்டும் சுட்டுகிறது. மனிதருக்கு அதனால் ஆகும் பயனைச் சுட்டவில்லை. எப்பெயரை வழங்குவது என்பது வழக்கைப் பொறுத்தது. ஆனால் அரண் என்று அழைத்துப் பழகிய பின், அது இடம்பெயரக்கூடியது என்பதை நினைவில் வைத்திருப்பது கடினம்.

இனி, கல்வி நிலையங்களைப் பற்றி. மேற்கண்ட அறிவு எதுவும் ஒரு திட்டக் காலத்தில் கிடைத்ததன்று. தரை உயரத்தை அளக்கும் கம்பி ஒன்று பொருளுள்ள போக்கைக் காட்டவே பல ஆண்டுகள் ஆகும். பதினெட்டரை ஆண்டுச் சந்திர ஓதச் சுழற்சியைக் கடக்காத தரவை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். இந்தியாவில் ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டு. பெரும்பாலான நிதித் திட்டங்கள் மூன்று ஆண்டு. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கம்பி நட்டு, அளந்து, ஆய்வேடு அளித்து வெளியேறும்போது அக்கம்பி சேற்றிலேயே நிற்கும். அடுத்து வருபவருக்குப் 'புதுமையான' தலைப்பு வேண்டும். ஏற்கெனவே அளந்ததை மீண்டும் அளப்பது புதுமையாகக் கருதப்படுவதில்லை. கடற்கரை அறிவியலுக்கோ மீண்டும் அளப்பதே உயிர்நாடி.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டை, கொச்சி, விசாகப்பட்டினம், கொல்கத்தா, போர்ட் பிளேயர் என்று கரையோரத்திலோ அதற்கு அருகிலோ கடலியலும் சூழலியலும் பயிற்றுவிக்கும் துறைகள் உள்ளன. ஒவ்வொரு துறையும் தன் அருகிலுள்ள கண்டலிலோ பாறையிலோ சில நிலையான அளவிடங்களை நிறுவி, அவற்றை மாணவரின் ஆய்வேட்டோடு முடிந்துபோகாத துறையின் சொத்தாகப் பேணலாம். ஆண்டுக்கு இருமுறை முதுநிலை மாணவர்கள் களப்பயிற்சியாகவே அளவெடுக்கலாம். அவ்வளவுகள் பொதுவில் கிடைக்க வேண்டும். 'மிஷ்டி' போன்ற திட்டங்களின் நிதியில் ஒரு சிறு பங்கேனும், நட்ட இடத்தின் தரை உயரத்தை இருபது ஆண்டுகள் அளப்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும். தொடர் அளவீட்டை நடத்தும் ஆசிரியரின் உழைப்பு, கட்டுரை எண்ணிக்கைக்கு நிகராகப் பதவி உயர்வில் மதிக்கப்பட வேண்டும். இவை நிறைவேறாதவரை, இந்தியக் கண்டலின் எதிர்காலத்தைப் பற்றி அயல்நாட்டுச் சேற்றிலிருந்து கிடைத்த எண்களைக் கொண்டே வாதிட வேண்டியிருக்கும்.

மும்பையின் அப்பல்லோ பந்தர் ஓதமானியின் பதிவு 1878இல் தொடங்குகிறது. கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரத் தண்ணீர் போதுமா என்பதை அறிய அளக்கப்பட்டது அது. காலநிலை மாற்றம் என்னும் சொல்லே அறியாத எழுத்தர்கள் நாள் தவறாமல் குறித்துவைத்தனர். இன்று இந்தியப் பெருங்கடலின் நீண்டகாலக் கடல்மட்ட மாற்றத்தைப் பற்றிப் பேச முடிகிறதென்றால், அப்பதிவேடு ஒரு முதன்மைக் காரணம். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் எழுதிவைத்த எண்கள் இருக்கின்றன. 2100இல் சுந்தரவனத்தையோ கவரத்தியையோ ஆராயப்போகும் மாணவருக்கு, இன்றைய பல்கலைக்கழகங்கள் அத்தகைய ஒரு பதிவேட்டையாவது விட்டுச்செல்ல வேண்டும்.